வாசனைப் புற்களும் கொதிநீராவிக் காய்ச்சிவடிப்பும்



"கொதிநீராவிக் காய்ச்சிவடிப்பின் மூலம் இலங்கையில் பெறப்படும் எண்ணெய்கள் இரண்டினைக் குறிப்பிடுக" என்று கேட்டால் கறுவா எண்ணெய், கராம்பு எண்ணெய், சிற்றனெல்லா எண்ணெய் என்று தயக்கமின்றி எழுதுவீர்கள். "இதற்கு எளிய காய்ச்சிவடிப்பு ஏன் பொருத்தமற்றது?" என்ற அடுத்த வரியில்தான் பேனா நின்றுவிடுகிறது. சிலர் அந்த இடத்தை வெறுமையாக விடுவர். வேறு சிலர் "எண்ணெய் பழுதடையும்" என்று இரண்டே சொற்களில் எழுதிவிட்டுச் செல்வர். ஏன் பழுதடையும், எந்த வெப்பநிலையில் பழுதடையும், கொதிநீராவி அதனை எவ்வாறு தடுக்கிறது என்பன எழுதப்படாமலே போகின்றன.

இக்கட்டுரையில் ஒரேயொரு புற்சாதியை எடுத்துக்கொண்டு அவ்வினாவுக்குரிய விடையைத் தேடுவோம். அந்தப் புல் உங்களுக்குப் புதியதன்று. உங்கள் வீட்டுச் சமையலிலும் மலைநாட்டுச் சரிவுகளிலும் நுளம்பு விரட்டும் திரவப் போத்தலிலும் அதன் உறவினங்கள் உள்ளன. தென்னிலங்கையின் ஒரு கைத்தொழில் உயர்ந்ததும் வீழ்ந்ததும் இதே புல்லோடு தொடர்புடைய கதையாகும். அக்கதையை விளங்கிக்கொள்வதற்கு அடர்த்தி, கரைதிறன், கொதிநிலை ஆகிய மூன்று பாடங்களும் வேண்டும்.

சாதியும் இனங்களும்

இச்சாதியின் பெயர் சிம்போபோகன் ஆகும். கிரேக்க மொழியில் முதற்பகுதி படகையும் இரண்டாம் பகுதி தாடியையும் குறிக்கும். இதன் பூந்துணரை மூடியிருக்கும் மடல் சிறு படகு போன்றது. அதனுள்ளிருந்து மயிர்கள் கொண்ட கதிர்கள் தாடிபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1815இல் ஜேர்மனியத் தாவரவியலாளர் ஸ்பிறெங்கல் இச்சாதிக்கு இப்பெயரை இட்டார். ஆபிரிக்கா, ஆசியா, அவுஸ்திரேலியா ஆகிய கண்டங்களின் அயன, உப அயன வலயங்களில் ஏறத்தாழ 50 இனங்கள் இயற்கையாக வளர்கின்றன.

நெல், சோளம், கரும்பு என்பவற்றைப் போலவே இதுவும் புற்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவித்திலைத் தாவரமாகும். நாருருவேர், சமாந்தர நரம்பமைப்பு, கணுவிலிருந்து தண்டைத் தழுவி எழும் இலைமடல் ஆகிய பொது இயல்புகள் அனைத்தும் இதில் உண்டு. புற்குடும்பத்தினுள்ளும் நெல்லைவிடக் கரும்புக்கும் சோளத்துக்குமே இது நெருங்கிய உறவு. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்தவையே. இதனைத் தனித்துக் காட்டுவது வாசனை. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாற் போதும், சாதி எதுவென்று பெரும்பாலும் கூறிவிடலாம். இனம் எதுவென்று கூறுவதுதான் சிக்கல்.

நாம் அறிந்திருக்க வேண்டிய இனங்கள் சில. சிம்போபோகன் சிற்றேற்றஸ் என்பது எலுமிச்சம்புல். சந்தையில் பலரும் சிங்களப் பெயரால் "சேரா" என்று கேட்டு வாங்கும் அதே புல். சிம்போபோகன் நார்டஸ் இலங்கைச் சிற்றனெல்லாப் புல். சிம்போபோகன் விண்டேரியானஸ் ஜாவாச் சிற்றனெல்லாப் புல். சிம்போபோகன் மார்ட்டினி என்பது இந்தியாவில் வளரும் பால்மரோசாப் புல். இப்பெயர்களை மனனஞ் செய்யவேண்டிய தேவை இல்லை. ஆனால் இருசொற் பெயரீட்டை எழுதும் முறையில் தவறுவதற்கு மன்னிப்பு இல்லை. சாதிப் பெயரின் முதலெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாகவும் இனப் பெயர் முழுவதும் சிறிய எழுத்தாகவும் இருத்தல் வேண்டும். கையால் எழுதும்போது இரண்டு சொற்களுக்கும் தனித்தனியே கீழ்க்கோடிடுதல் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே கோடாக இழுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அது தவறு.

பெயர்களும் நிலையாக இருந்தவையல்ல. இலங்கைச் சிற்றனெல்லாப் புல்லை லின்னேயஸ் 1753இல் அன்ட்றோபோகன் என்னும் வேறொரு சாதியில் வைத்திருந்தார். 1899இலேயே அது சிம்போபோகன் சாதிக்கு மாற்றப்பட்டது. இப்படி மாற்றுவதால் யாருக்கு என்ன பயன் என்று நினைக்கிறீர்களா? விடை சற்றுப் பின்னர் வரும்.

வாசனை எங்கிருந்து வருகிறது?

இப்புற்களின் இலையிலுள்ள சில கலங்களில் எளிதில் ஆவியாகும் எண்ணெய் சேமிக்கப்பட்டிருக்கும். தேங்காயெண்ணெயைப் போன்ற நிலையான எண்ணெய் அன்று இது. ஒரு கடதாசியில் இரண்டையும் ஒவ்வொரு துளி இட்டு வெயிலில் வைத்துப் பாருங்கள். தேங்காயெண்ணெயின் கறை நாட்கணக்கில் இருக்கும். சிற்றனெல்லா எண்ணெயின் கறையில் பெரும்பகுதி மறைந்து, வாசனை அறையெங்கும் பரவியிருக்கும்.

இந்த எண்ணெய் தனிச் சேர்வை அன்று. பல சேதனச் சேர்வைகளின் கலவை. எலுமிச்சம்புல் எண்ணெயில் நூற்றுக்கு 70 முதல் 80 வரையானது சிற்றல் என்னும் சேர்வையாகும். எலுமிச்சம்பழத் தோலின் மணத்துக்கும் அதுவே காரணம். பால்மரோசா எண்ணெயின் பெரும்பகுதி ஜெரனியோல். ரோசாப்பூ எண்ணெயிலும் ஜெரனியோல் உள்ளது. விலையுயர்ந்த ரோசா எண்ணெயோடு மலிவான இந்தப் புல்லெண்ணெயைக் கலந்து விற்ற வணிகர்கள் ஒருகாலத்தில் பலர் இருந்தமைக்குக் காரணம் இதுவே. பம்பாயிலிருந்து கப்பலேறிய பால்மரோசா எண்ணெய் துருக்கிவரை சென்று ரோசா எண்ணெயுடன் கலந்தது.

இலங்கைச் சிற்றனெல்லாவையும் ஜாவாச் சிற்றனெல்லாவையும் வேறுபடுத்துவதும் சேர்வைகளின் அளவே. ஜாவா எண்ணெயில் சிற்றனெல்லால் என்னும் சேர்வை நூற்றுக்கு 32 முதல் 45 வரை உண்டு. இலங்கை எண்ணெயில் அது 5 முதல் 15 வரை மாத்திரமே. இலங்கை எண்ணெயில் ஜெரனியோலுடன் வேறு பல சேர்வைகளும் கலந்திருக்கும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஜெரனியோலின் மூலக்கூற்றுச் சூத்திரம் C₁₀H₁₈O. சிற்றனெல்லாலின் மூலக்கூற்றுச் சூத்திரமும் C₁₀H₁₈O தான். அதாவது இரண்டிலும் காபன், ஐதரசன், ஒட்சிசன் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. சார்மூலக்கூற்றுத் திணிவும் இரண்டுக்கும் 154 ஆகும். அணுக்கள் பிணைந்திருக்கும் ஒழுங்கு மாத்திரம் வேறு. அதனால் மணம் வேறு, கொதிநிலை வேறு, சந்தை விலையும் வேறு. இத்தகைய சேர்வைகள் சமபகுதியங்கள் எனப்படும். உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கவிருப்போர் இதனை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் கொதிநீராவி?

இனி நமது வினாவுக்கு வருவோம். சிற்றனெல்லாலின் கொதிநிலை ஏறத்தாழ 207°C. ஜெரனியோலின் கொதிநிலை ஏறத்தாழ 230°C. புல்லை ஒரு பாத்திரத்திலிட்டு இவ்வெப்பநிலைவரை நேரடியாகச் சூடாக்கினால் என்ன நடக்கும்? புல் கருகும். எண்ணெயின் கூறுகள் பிரிகையடையும் அல்லது ஒட்சியேற்றமடையும். கிடைப்பது புகைநாற்றமுள்ள கழிவாகவே இருக்கும். எளிய காய்ச்சிவடிப்பு பொருத்தமற்றது என்பதற்கான முதற்காரணம் இது.

இரண்டாம் பகுதியே முக்கியமானது. 230°Cஇல் கொதிக்கும் ஒரு பதார்த்தம் 100°Cஇலும் குறைந்த வெப்பநிலையில் எவ்வாறு காய்ச்சிவடிக்கப்படுகிறது? இதனை விளக்காமல் விடும் மாணவர்களே அதிகம். ஒரு திரவம் கொதிப்பது அதன் ஆவியமுக்கம் வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கத்துக்குச் சமனாகும்போது என்பதை நீங்கள் அறிவீர்கள். நீரும் இந்த எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒன்றுகலவாத இரு திரவங்கள் ஒரே பாத்திரத்தில் சூடாகும்போது ஒவ்வொன்றும் மற்றையதைப் பொருட்படுத்தாமல் தன் சொந்த ஆவியமுக்கத்தைத் தரும். இரண்டினதும் கூட்டுத்தொகை வளிமண்டல அமுக்கத்தை எட்டியவுடன் கலவை கொதிக்கத் தொடங்கும். நீர் தனியே 760 mmHg வரை உயரவேண்டிய தேவை இல்லை. எண்ணெய் ஒரு சிறு பங்கை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே கலவை 100°Cஇலும் சற்றுக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது, எண்ணெய் ஆவியும் நீராவியுடன் சேர்ந்து வெளியேறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கலவை கொதிக்கும் வெப்பநிலையில் நீரின் ஆவியமுக்கம் 740 mmHg, எண்ணெயின் ஆவியமுக்கம் 20 mmHg என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 760. வெளியேறும் ஆவியில் நீர் மூலக்கூறுகளுக்கும் எண்ணெய் மூலக்கூறுகளுக்கும் உள்ள விகிதம் 740 : 20 ஆகும். எண்ணெய் மிகக் குறைவு என்று தோன்றுகிறதல்லவா? திணிவாகக் கணித்துப் பாருங்கள். நீருக்கு 740 × 18 = 13 320. எண்ணெய்க்கு 20 × 154 = 3 080. அதாவது ஒவ்வொரு 100 g நீருடனும் ஏறத்தாழ 23 g எண்ணெய் வரும். எண்ணெய் மூலக்கூறுகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, ஆயினும் ஒவ்வொன்றும் நீர் மூலக்கூற்றைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவுடையது. உண்மையான வடிசாலையில் இவ்வளவு கிடைக்காது. ஏனெனில் எண்ணெய் இலையின் கலங்களிலிருந்து மெதுவாகவே வெளியே வரும். இக்கணிப்பு உங்கள் பாடத்திட்டத்துக்குச் சற்று அப்பாற்பட்டது. பரீட்சைக்கு "கலவை 100°Cஇலும் குறைந்த வெப்பநிலையில் கொதிப்பதால் எண்ணெயின் கூறுகள் பிரிகையடைவதில்லை" என்ற வசனம் போதுமானது. ஆனால் கணிப்பை ஒருமுறை செய்து பார்த்தவர் அவ்வசனத்தை மறக்கமாட்டார்.

வடிசாலையில் நடப்பதைப் படமாக வரையும்போது நான்கு பகுதிகளைக் காட்டுங்கள். ஒரு கொதிகலத்தில் நீராவி உண்டாக்கப்படுகிறது. அது குழாய் வழியாகப் புல் அடைக்கப்பட்ட பெரிய உருளையின் அடியிற் புகுந்து, புல்லினூடாக மேலெழுகிறது. எண்ணெய் ஆவியைச் சுமந்த நீராவி, குளிர்நீரில் அமிழ்ந்துள்ள சுருட்குழாயில் ஒடுங்குகிறது. ஒடுங்கிய திரவம் சேரும் பாத்திரத்தில் எண்ணெயும் நீரும் இரு படைகளாகப் பிரிகின்றன. எண்ணெயின் அடர்த்தி ஏறத்தாழ 0.9 g cm⁻³. ஆகவே அது மேலே மிதக்கும். கீழேயுள்ள நீர் பக்கக் குழாயொன்றினால் வழிந்தோடும். ஆய்வுகூடத்தில் பிரிபுனல் செய்யும் வேலை இதுவே. படத்தில் எண்ணெய்ப் படையைக் கீழே வரைபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். கராம்பு எண்ணெய் நீரிலும் அடர்த்தி கூடியது என்பதால் அங்கு எண்ணெய் கீழேதான் தங்கும்; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

100 kg பச்சைப் புல்லிலிருந்து 1 kg எண்ணெய் கிடைப்பதும் அரிது. எஞ்சிய புல் வீணாவதில்லை. அதனை உலர்த்திக் கொதிகலத்தின் அடுப்புக்கே விறகாகப் போடுவார்கள். எரிபொருட் செலவே இத்தொழிலின் பெருஞ்செலவு என்பதால் இந்த ஏற்பாடு இல்லாவிடில் பல கிராமிய வடிசாலைகள் நிலைத்திருக்கமாட்டா.

மண்ணெண்ணெய் கலந்த கதை

இலங்கையில் சிற்றனெல்லாப் பயிர்ச்செய்கை தென் மாகாணத்திலேயே செறிந்திருந்தது. கிங் கங்கைக்கும் வளவை கங்கைக்கும் இடைப்பட்ட நிலம், அதாவது இன்றைய காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் பகுதிகள். 1851இலும் 1862இலும் இலண்டனில் நடைபெற்ற உலகக் கண்காட்சிகளில் இத்தகைய புல்லெண்ணெய்களின் மாதிரிகள் வைக்கப்பட்டன. சவர்க்காரத்துக்கு வாசனையூட்ட மலிவான எண்ணெயொன்றைத் தேடிக்கொண்டிருந்த ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அது பொருத்தமாக அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கை ஆண்டொன்றுக்குப் 10 இலட்சம் இறாத்தலுக்கு மேல் ஏற்றுமதி செய்தது.

தேவை கூடியது, கலப்படமும் கூடியது. கலந்த பொருள் மண்ணெண்ணெய். இரண்டும் வெளிர்மஞ்சள் அல்லது நிறமற்ற திரவங்கள். இரண்டும் ஒன்றிலொன்று நன்கு கலக்கும். சிற்றனெல்லாவின் கடும் மணத்தில் சிறிதளவு மண்ணெண்ணெயின் மணம் மறைந்துவிடும். கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிப்பது கடினம்.

அடர்த்தியை அளந்தால் போதாதா? நல்ல வினா. கணித்துப் பாருங்கள். தூய இலங்கை எண்ணெயின் அடர்த்தியை 0.90 g cm⁻³ எனவும் மண்ணெண்ணெயின் அடர்த்தியை 0.80 g cm⁻³ எனவும் கொள்வோம். 80 cm³ எண்ணெயுடன் 20 cm³ மண்ணெண்ணெயைக் கலந்தால் மொத்தத் திணிவு 72 + 16 = 88 g. கனவளவு 100 cm³. கலவையின் அடர்த்தி 0.88 g cm⁻³. ஐந்திலொரு பங்கு கலப்படம் செய்தும் அடர்த்தி 0.02 மாத்திரமே குறைந்துள்ளது! அதுமட்டுமன்று, தூய ஜாவா எண்ணெயின் அடர்த்தி இயல்பாகவே 0.88க்கும் 0.895க்கும் இடைப்பட்டது. எனவே அடர்த்தியை மாத்திரம் பார்ப்பவர் கலப்பட எண்ணெயைத் தூய ஜாவா எண்ணெய் என்று எண்ணிவிடவும் இடமுண்டு.

ஆகவே வேறொரு பௌதிக இயல்பு தேவைப்பட்டது. ஜேர்மனியின் லைப்சிக் நகருக்கு அருகே இயங்கிய ஷிம்மெல் நிறுவனத்தின் இரசாயனவியலாளர்கள் கரைதிறனைப் பயன்படுத்தினார்கள். சோதனை மிக எளிது. ஒரு கனவளவு எண்ணெயை இரண்டு கனவளவு 80% அற்ககோலுடன் சேர்த்துக் குலுக்கினால் தெளிவான கரைசல் கிடைக்கவேண்டும். பின்னர் மேலும் அற்ககோலைச் சேர்த்துப் பத்துக் கனவளவு வரை கொண்டுசென்றாலும் துளிகள் பிரியக்கூடாது. ஜெரனியோல் போன்ற சேர்வைகளில் ஒட்சிசன் அணு இருப்பதால் அவை நீர் கலந்த அற்ககோலில் கரையும். மண்ணெண்ணெயோ காபனும் ஐதரசனும் மாத்திரம் கொண்டது. 80% அற்ககோலில் அது நன்கு கரையாது. ஆகவே கலப்படம் இருப்பின் திரவம் கலங்கலாகும். சிறிது நேரம் வைத்திருக்க மண்ணெண்ணெய்த் துளிகள் மேலே மிதக்கும். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் போன்ற எண்ணெய் கலந்திருந்தால் துளிகள் அடியில் தங்கும். ஏன் என்று அடர்த்திகளை ஒப்பிட்டு நீங்களே கூறுங்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. நல்ல எண்ணெய் சிறிதளவு மண்ணெண்ணெயைத் தாங்கிக்கொண்டும் இச்சோதனையில் தேறிவிடும். இதனை அறிந்துகொண்ட வியாபாரிகள் சோதனையில் தேறும் எல்லைவரை அளந்து கலக்கத் தொடங்கினார்கள்! தரத்தைக் காக்க வந்த சோதனை, எவ்வளவு கலக்கலாம் என்று கற்றுக்கொடுக்கும் அளவுகோலாக மாறிவிட்டது. அதற்கு விடையாகச் சோதனை கடுமையாக்கப்பட்டது. சோதிப்பவர் தாமே எண்ணெயுடன் 5% மண்ணெண்ணெயைச் சேர்த்துவிட்டுப் பின்னர் அற்ககோலில் கரைப்பார். தூய எண்ணெயாயின் அந்த 5% ஐயும் தாங்கும். ஏற்கெனவே எல்லைவரை கலக்கப்பட்ட எண்ணெய் அதற்குமேல் தாங்காது, துளிகள் வெளிப்படும். பிழையைப் பிடிக்கப் பிழையையே கூட்டிப் பார்த்த இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தமானது.

சோதனைகள் வந்தபோதிலும் இலங்கை எண்ணெயின் பெயர் கெட்டுப்போயிற்று. பல வடிசாலைகளின் எண்ணெய் ஒன்றாகச் சேர்ந்து கப்பலேறும்போது, ஒரு பீப்பாயின் கலப்படம் அத்தனை பீப்பாய்களின் விலையையும் குறைக்கும். நேர்மையாக வடித்தவருக்கும் அதே குறைந்த விலைதான்.

நமது புல்லே போட்டியாக வந்தது

தென்னிலங்கை விவசாயிகள் இரண்டு வகைப் புற்களைப் பயிரிட்டு வந்தார்கள். லேனபட்டு என்பது வறண்ட, வளங்குன்றிய நிலத்திலும் பல ஆண்டுகள் நிலைத்து வளரும். மகாபேன்கிரி என்பதன் எண்ணெய் தரத்தில் உயர்ந்தது. ஆயினும் அதற்கு வளமான நிலமும் கூடிய பராமரிப்பும் வேண்டும். கையில் முதலில்லாத சிறு விவசாயி எதனைத் தெரிவுசெய்வார்? லேனபட்டுவே பெருமளவில் பரவியது. அவரைக் குறைகூற முடியாது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகாபேன்கிரி ஜாவாத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கு நல்ல மண்ணில், தோட்ட முறையில் பயிரிடப்பட்டுச் செழித்தது. சிற்றனெல்லால் செறிந்த அந்த எண்ணெய் "ஜாவாச் சிற்றனெல்லா" என்ற பெயரில் உலகச் சந்தைக்கு வந்தது. மகாபேன்கிரி வேறோர் இனம் என்பதை 1908இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் ஆய்வேட்டில் ஜோவிற் என்பவர் வெளியிட்டார். இலங்கையில் எண்ணெய் வடிப்பில் ஈடுபட்டிருந்த விண்டர் என்பவரின் பெயரால் அதற்குச் சிம்போபோகன் விண்டேரியானஸ் எனப் பெயரிட்டார். இலங்கையிலிருந்து சென்ற புல், இலங்கையர் மத்தியில் தொழில் செய்தவரின் பெயர், வெளியிட்டதும் பேராதனையில். எண்ணெயின் பெயர் மாத்திரம் ஜாவா!

ஜாவா எண்ணெயிலிருந்து சிற்றனெல்லாலைப் பிரித்தெடுத்து வேறு வாசனைச் சேர்வைகளையும் மென்தோலையும் கூடத் தயாரிக்கலாம். இலங்கை எண்ணெயில் அது குறைவு என்பதால் அந்த வழி அடைபட்டது. 20ஆம் நூற்றாண்டில் சந்தை ஜாவா வகைக்கே சென்றது. அவ்வகையை இன்று பெருமளவில் உற்பத்தி செய்வன இந்தோனேசியா, சீனா போன்ற நாடுகளாகும். புல்லின் பெயரை மாற்றுவதால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு இதுவே விடை. "சிற்றனெல்லா" என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு இனங்கள் இருந்தன. எதை நடுகிறோம் என்பதை இனப்பெயர் சொல்லி வாங்காதவர் ஓர் ஆண்டு உழைத்தபின் எண்ணெயில்தான் வேறுபாட்டைக் காண்பார்.

மலைநாட்டில் மானா

மலையக மாணவர்களுக்கு இச்சாதி வேறொரு பெயரில் பழக்கமானது. ஊவாப் பகுதியின் வறண்ட பத்தனைப் புல்வெளிகளில் ஆளுயரத்துக்கு வளரும் மானாப்புல் சிம்போபோகன் சாதியைச் சேர்ந்ததே. சிலர் அதனை நார்டஸ் இனத்தின் ஒரு பேதமாகவும் வேறு சிலர் தனி இனமாகவும் கொள்வர். அதன் எண்ணெய்க்குச் சந்தை இல்லை. வறட்சிக் காலத்தில் தீப்பற்றினால் மலைச்சரிவு முழுவதும் எரிந்து, அடுத்த மழையில் மேல்மண் கழுவிச் செல்லப்படும் ஆபத்தும் உண்டு. தீக்குப் பின் நிலத்தடியிலுள்ள பகுதியிலிருந்து மானா மீண்டும் துளிர்க்கும். மரக்கன்றுகள் அவ்வாறு மீள்வதில்லை. அடிக்கடி தீ வைக்கப்படும் இடத்தில் காடு மீளாமல் மானாவே நிலைப்பது இதனால்தான்.

எனினும் தேயிலைத் தோட்டங்களில் மானாவுக்கு மதிப்புண்டு. முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் உடனே மறுநடுகை செய்வதில்லை. மானா அல்லது குவாத்தமாலாப் புல்லை 18 முதல் 24 மாதங்கள் வரை வளர்த்து, அவ்வப்போது வெட்டி நிலத்தின் மீதே மூடுபடையாகப் பரப்புவார்கள். அடர்ந்த நாருருவேர்கள் சரிவான மண்ணைப் பற்றிப்பிடிக்கும்; உக்கும் இலைகள் மண்ணின் சேதனப் பொருளைக் கூட்டும். மண்காப்பு முறைகளுக்கு எடுத்துக்காட்டுக் கேட்கப்படும் இடங்களில் இதனை எழுதலாம். விரிவாக எழுதத் தேவையில்லை.

நுளம்பு விரட்டியா?

2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அத்தகைய காலங்களில் சிற்றனெல்லா எண்ணெய்ப் போத்தல்கள் விரைவாக விற்றுத் தீர்வது இயல்பே. அவ்வெண்ணெய் நுளம்பை விலக்குவது உண்மை. ஆனால் எவ்வளவு நேரம்? மேலே கடதாசியில் இட்ட துளியை நினைத்துப் பாருங்கள். எளிதில் ஆவியாகும் இயல்பினால்தான் அதனைக் கொதிநீராவியால் பிரித்தெடுத்தோம். அதே இயல்பினால் அது தோலிலிருந்தும் விரைவாக ஆவியாகிப் போய்விடும். சாதாரணமாகப் பூசிய எண்ணெயின் பாதுகாப்பு இரண்டு மணித்தியாலம்கூட நீடிப்பதில்லை. காலையில் பூசிக்கொண்டு பாடசாலைக்குச் சென்ற பிள்ளைக்கு முதலாம் இடைவேளைக்குள் அது இல்லாமற் போகலாம். டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது என்பதையும் இங்கே சேர்த்து எண்ணுங்கள்.

முற்றத்தில் ஒரு சாடியில் இப்புல்லை நட்டுவிட்டால் நுளம்பு வராது என்று கூறுவோரும் உளர். கசக்காத இலையில் எண்ணெய் கலங்களுக்குள்ளேயே இருக்கும். வெளியே வராத எண்ணெய் எதனையும் விரட்டாது. மாறாக, அச்சாடியின் கீழ்த்தட்டில் தேங்கும் தெளிந்த நீரில் ஈடிஸ் முட்டையிடும். புல் வளர்க்க விரும்புவோர் வளர்க்கட்டும், தேநீருக்கும் கறிக்கும் உதவும். கீழ்த்தட்டு நீரை மாத்திரம் தவறாது கொட்டிவிடுங்கள்.

பயிற்சிக்கு

பின்வரும் வினாக்களை நூலைப் பாராது எழுதிப் பார்க்கவும்.

முதலாவது: ஒரு வியாபாரி 500 cm³ சிற்றனெல்லா எண்ணெயை உங்களிடம் தருகிறார். அதன் திணிவு 435 g. தூய இலங்கை எண்ணெயின் அடர்த்தி 0.90 g cm⁻³ எனவும் மண்ணெண்ணெயின் அடர்த்தி 0.80 g cm⁻³ எனவும் தரப்படின், இது கலப்பட எண்ணெய் என உறுதியாகக் கூறமுடியுமா? கூறமுடியாதெனின், மேலும் செய்யவேண்டிய சோதனை யாது? (அடர்த்தி 0.87 என வரும். கலப்படம் மண்ணெண்ணெய் மாத்திரம் என எடுகோள் கொண்டால் கனவளவில் நூற்றுக்கு 30 கலந்திருக்கலாம். ஆனால் அடர்த்தி குறைவதற்கு வேறு திரவங்களும் காரணமாகலாம் என்பதைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.)

இரண்டாவது: உப்பு நீரிலிருந்து தூய நீரைப் பெற எளிய காய்ச்சிவடிப்பும் புல்லிலிருந்து எண்ணெயைப் பெறக் கொதிநீராவிக் காய்ச்சிவடிப்பும் பயன்படுவதற்கான காரணத்தை ஒப்பிட்டு விளக்குக. இவ்வினாவுக்கு "எண்ணெய் பழுதடையும்" என்ற இரண்டு சொற்களுடன் நிறுத்துபவர் இக்கட்டுரையின் நான்காம் பகுதியை மீண்டும் ஒருமுறை வாசிக்கவும்.